பக்கத்து நாற்காலிக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு?



2026 ஜனவரி 1-ம் தேதி ஹூண்டாய் மோட்டார் இந்தியாவின் நிர்வாக இயக்குநராகத் தருண் கார்க் பொறுப்பேற்றார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். வணிகப் பக்கத்தில் ஒரு படத்தோடு வந்த செய்தி. நம்மில் பலர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போயிருப்போம்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே மனதில் ஒரு கணக்கும் ஓடியது. அந்த கம்பெனி இங்கே தொடங்கியது 1996-ல். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது 1998-ல். அந்த வருஷம் அந்த வட்டாரத்தில் டிப்ளமோ முடித்த கையோடு வேலைக்குப் போன பையன்களுக்கு இன்று ஐம்பதைத் தொடும் வயது. அவர்கள் பிள்ளைகள் காலேஜில் படிக்கிறார்கள். ஒரு தலைமுறையின் உழைக்கும் காலம் ஏறக்குறைய முழுசாகக் கழிந்த பிறகுதான் அந்த உச்சி நாற்காலி ஓர் இந்தியருக்குக் கிடைத்திருக்கிறது.

ஒரு கம்பெனியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர் வட்டாரத்தில் கொரிய, ஜப்பானிய, பிரெஞ்சு, ஜெர்மன், தைவான் கம்பெனிகள் வந்ததால் எத்தனை வீடுகளில் அடுப்பு நிம்மதியாக எரிகிறது என்று நமக்குத் தெரியும். விவசாயக் கூலிக்குப் போன அம்மாவின் மகள் இன்று சீருடை போட்டு கம்பெனி பஸ் ஏறுகிறாள். அதை யாரும் சின்னதாகப் பேச முடியாது.

ஆனால் நன்றி இருக்கிறது என்பதற்காகக் கேள்வி கேட்காமல் இருக்க வேண்டுமா?

சமீபத்தில் ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கணவர் ஒரு வெளிநாட்டு உதிரிபாக கம்பெனியில் சீனியர் இன்ஜினீயர். கடிதத்தின் சாரம் இதுதான்: மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு முறை தலைமையகத்திலிருந்து புதிதாக ஒரு மேனேஜர் வருவார். எந்த மெஷின் எப்போது மக்கர் பண்ணும், எந்த வெண்டர் சரக்கை இழுத்தடிப்பார், மழைக்காலத்தில் குடோனில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லிக்கொடுப்பது வாசகியின் கணவர். மேனேஜர் கற்றுக்கொண்டு ஊர் திரும்புவார். அங்கே அவருக்குப் பதவி உயர்வு. இங்கே அடுத்தவர் வருவார். மறுபடியும் முதலிலிருந்து பாடம் ஆரம்பம்.

“சம்பளத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் புது ஆள் வரும் மாதத்தில் இவர் வீட்டில் யாரிடமும் பேசுவதில்லை. பிள்ளைகள் கிட்டப் போகவே பயப்படுகிறார்கள். இதை எந்த எச்.ஆரிடம் சொல்வது?” என்று முடித்திருந்தார்.

இந்த வரியைப் படித்தபோது, இது ஆபீஸ் விவகாரம் மட்டும் இல்லை என்று தோன்றியது. வேலையிடத்தில் மதிப்பு குறைந்தால் அதன் பாரம் சாயங்காலம் வீட்டுக்குள்தான் வந்து இறங்குகிறது. அதனால்தான் இதைக் குடும்பப் பத்திரிகையில் பேசுகிறேன்.

முதலில் நியாயமாக இருப்போம். வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. அவர் வயதான அப்பா அம்மாவை விட்டுவிட்டு வருகிறார். கூட வரும் மனைவி தன் வேலையை விட்டுவிட வேண்டியிருக்கும். பிள்ளைகள் நடுவில் பள்ளி மாறுகிறார்கள். ஊரில் வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும். நம் பிள்ளையை ஒரு கம்பெனி ஹங்கேரிக்கோ மெக்சிகோவுக்கோ அனுப்பினால் இதையெல்லாம் ஈடுகட்ட வேண்டும் என்றுதானே நாமும் எதிர்பார்ப்போம்?

நம் அரசாங்கமும் இதில் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. இந்தியாவில் வேலைக்கான விசா வாங்க வேண்டுமென்றால், பொதுவாக ஆண்டுக்கு 16.25 லட்சம் ரூபாய்க்குக் குறையாத சம்பளம் இருக்க வேண்டும். அந்தந்த நாட்டுச் சமையல்காரர், மொழிபெயர்ப்பாளர், தூதரக ஊழியர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. வெளியிலிருந்து மலிவாக ஆள் இறக்கி உள்ளூர்க்காரர் வயிற்றில் அடிக்கக் கூடாது என்பதுதான் இதன் நோக்கம். அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. தகுதியான இந்தியர்கள் தாராளமாகக் கிடைக்கும் வேலைக்கு இந்த விசா தரக் கூடாது.

நான் நிற்பது இந்த இரண்டாவது விதியில். ஒரு புது மெஷினை நிறுவ, ஒரு தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொடுக்க ஒருவர் வருகிறார், வேலை முடிந்ததும் போகிறார் என்றால் அவருக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். ஆனால் அதே நாற்காலிக்குப் பதினைந்து இருபது வருஷமாக ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருந்தால்? இத்தனை வருஷத்தில் அந்த வேலையைக் கற்றுக்கொண்ட ஒருவர்கூட இங்கே இல்லை என்று நம்பச் சொல்கிறார்களா?

இந்தச் சம்பளப் பொட்டலத்தில் என்னென்ன இருக்கும் என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. ஈ.சி.ஆரிலோ ஓ.எம்.ஆரிலோ வீடு, அதற்குக் கம்பெனி வாடகை. காரும் டிரைவரும். பிள்ளைகளுக்கு சர்வதேசப் பள்ளிக் கட்டணம், அது லட்சங்களில். வருஷா வருஷம் குடும்பத்தோடு ஊர் போய்வர விமான டிக்கெட். பல சமயம் இங்கே கட்ட வேண்டிய வருமான வரியையும் கம்பெனியே கட்டிவிடும். இதற்கெல்லாம் மேலே ‘ஹார்ட்ஷிப் அலவன்ஸ்’ என்று ஒன்று. கஷ்டமான ஊரில் இருப்பதற்கான படி. வெளிநாட்டு அரசுகளும் தங்கள் ஊழியர்களுக்கு இதைக் கொடுக்கின்றன. அமெரிக்க வெளியுறவுத் துறை ஊர் ஊராக ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. அதில் நம் சென்னையும் உண்டு.

வெயில், டிராஃபிக், தண்ணீர், கொசு, மழை வந்தால் வெள்ளம். இதற்குத்தான் அந்தப் படி. நல்லது. ஆனால் இதே வெயிலில் பைக்கில் ஒரகடம் போகிறவர் யார்? கேன் தண்ணீருக்கு மாதாமாதம் எடுத்துவைக்கிறவர் யார்? 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் மாடிக்கு ஓடியவர்கள் யார்? கஷ்டம் இருவருக்கும் ஒன்றுதான். ஒருவருக்கு அதற்குப் படி கிடைக்கிறது, இன்னொருவருக்கு ‘லேட்’ என்று வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை விழுகிறது.

அந்தப் படியை நிறுத்துங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கஷ்டம் நிஜம் என்று கம்பெனியே ஒப்புக்கொண்டு பணம் கொடுக்கும்போது, மழை வெள்ள நாளில் உள்ளூர் ஊழியரிடம் கொஞ்சம் தாராளமாக நடந்துகொள்ளலாமே என்றுதான் கேட்கிறேன்.

தூரத்திலிருந்து வந்தவருக்கு விமான டிக்கெட், இங்கேயே இருப்பவருக்குக் கிடையாது. சரி, இதை நம் மனது ஏற்றுக்கொள்ளும். ஆனால் உடம்புக்கும் மானத்துக்கும் உரிய விஷயங்களில் என்ன வித்தியாசம் வேண்டிக்கிடக்கிறது? சுத்தமான கழிப்பறை, சாப்பிடும் சோறு, ஆஸ்பத்திரிச் செலவு, திட்டாமல் பேசும் நாக்கு. மீட்டிங்கில் வெளிநாட்டு மேனேஜர்கள் பாதியில் தங்கள் மொழிக்கு மாறிப் பேசி முடிவெடுத்துவிட்டு, எழுந்து போகும்போது உள்ளூர் மேனேஜரிடம் முடிவை மட்டும் சொல்கிறார்கள். சில இடங்களில் துறைத் தலைவர் என்ற பெயர்ப்பலகை நம்மவர் மேஜையில் இருக்கும். கையெழுத்தோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ‘கோஆர்டினேட்டர்’ போட்டால்தான் செல்லும். இதில் தூரம் எங்கே வந்தது?

தங்குமிடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேனேஜரின் வீட்டைக் கம்பெனியே தேடிப் பிடித்து, ஏ.சி முதற்கொண்டு பார்த்துக் கொடுக்கும். லைனில் நிற்கும் பெண்ணின் விடுதியைக் காண்ட்ராக்டரிடம் விட்டுவிடும். 2021 டிசம்பரில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெண்கள் திரண்டுவந்து சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தரமாக இல்லை என்று கம்பெனித் தரப்பே ஒப்புக்கொண்டது. பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. அங்கே இன்று பாதுகாப்பாகத் தூங்கும் பெண்களுக்கு, ரோட்டில் உட்கார்ந்த அந்தப் பெண்கள்தான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? ஆண் பெண் பேதம் பார்த்துச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பாஸ்போர்ட் பார்த்துச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று தனியார் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் தெளிவான சட்டம் நம்மிடம் இல்லை.

இன்னொரு விஷயம் நிறையப் பெற்றோருக்குத் தெரியாது. 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்ய முடிந்தது. அடுத்த ஜனவரியில் அவர்கள் சங்கம் பதிவானது. ஏனென்றால் அவர்கள் சட்டத்தின் கண்ணில் ‘தொழிலாளர்’. உங்கள் வீட்டு இன்ஜினீயர் பையன்? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர் தொழிலாளர் கணக்கில் வரமாட்டார். நிர்வாகப் பணி என்றால் சம்பளம் எவ்வளவானாலும் வரமாட்டார். ‘அசிஸ்டென்ட் மேனேஜர்’ என்று கார்டு அடித்துக் கொடுத்ததும் நாம் ஊரெல்லாம் இனிப்பு கொடுக்கிறோம். கீழே இருக்கும் தொழிலாளருக்கு இருக்கும் பாதுகாப்பும் அவருக்கு இல்லை, மேலே இருக்கும் வெளிநாட்டு மேனேஜருக்கு இருக்கும் சலுகையும் இல்லை. நடுவில் தனியாக நிற்கிறார். கார்டில் போட்டிருக்கும் பெயரை மட்டும் வைத்து நீதிமன்றங்கள் முடிவு செய்வதில்லை, அன்றாடம் என்ன வேலை செய்கிறார் என்றுதான் பார்க்கின்றன. இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரட்டைக் கணக்கு நேற்று வந்ததில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் வெள்ளைக்கார ஐ.சி.எஸ் அதிகாரிகளுக்குச் சம்பளத்துக்கு மேல் கடல் கடந்து வந்ததற்கென்று தனிப் படி இருந்தது. குடும்பத்தோடு கப்பலில் ஊர் போய்வரும் செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்று 1924-ல் லீ கமிஷன் பரிந்துரைத்தது. யார் வரிப் பணத்தில்? நூறு வருஷம் கழித்து கப்பல் டிக்கெட் விமான டிக்கெட்டாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதன் மிகக் கொடுமையான முகத்தை இலங்கைத் தமிழ் மண் பார்த்திருக்கிறது. 2006 ஆகஸ்டில் மூதூரில் ஒரு பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் அலுவலக வளாகத்தில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுனாமியில் எல்லாம் இழந்தவர்களுக்கு உதவி செய்துகொண்டிருந்தவர்கள். 17 பேருமே உள்ளூர் ஊழியர்கள். 2008 செப்டம்பரில் தொண்டு அமைப்புகள் வன்னியை விட்டு வெளியேற வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. ஐ.நா.வின் வெளிநாட்டு ஊழியர்கள் கிளிநொச்சியிலிருந்து வண்டி ஏறினார்கள். உள்ளூர்த் தமிழ் ஊழியர்கள் பலரும் அவர்கள் குடும்பங்களும் வெளியேற அனுமதி இல்லாமல் போருக்குள்ளேயே சிக்கினார்கள். ஒரே அலுவலகத்தில், ஒரே அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலை பார்த்தவர்கள். ஆபத்து வந்த நாளில் யாருக்கு வண்டியில் இடம் என்பதைப் பிறந்த நாடு முடிவு செய்தது. இதை எழுதும்போது கை கனக்கிறது. ஆனால் உள்ளூர் ஊழியர், வெளிநாட்டு ஊழியர் என்று பிரித்துவைக்கும் ஒப்பந்தங்கள் கடைசியில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சரி, நாம் மட்டும் எப்படி இருக்கிறோம்? அதையும் பேசிவிடுவோம்.

வளைகுடா நாடுகளில் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சம்பளம் பேசுவது பற்றி நம் ஊர் வீடுகளில் தெரியாதவர்கள் இல்லை. ஒரே தளத்தில் ஒரே வேலை, ஐரோப்பியருக்கு ஒன்று, நம்மவருக்கு ஒன்று, நேபாளத்துக்காரருக்கு இன்னும் கீழே ஒன்று. நம்மைவிடக் கீழே இருப்பவரைப் பற்றி நாம் அங்கே பேசியிருக்கிறோமா? கத்தார் 2021 மார்ச்சில் எல்லா நாட்டவருக்கும் ஒரே குறைந்தபட்சச் சம்பளம், மாதம் 1,000 ரியால் என்ற சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உணவும் தங்குமிடமும் கொடுக்காவிட்டால் அதற்குத் தனித் தொகை. அடிமட்டத்துக்கு மட்டுமானதுதான் என்றாலும், பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் ஒரு சம்பள விதி போட முடியும் என்று அது காட்டிவிட்டது.

நம் பக்கத்திலும் புகார் உண்டு. 1994-ல் சென்னையில் தொடங்கிய காக்னிசன்ட் நிறுவனத்தின் மீது அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்தது. இந்தியர் அல்லாத ஊழியர்களிடம் பாகுபாடு காட்டியதாக 2024 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தில் ஜூரிகள் முடிவு சொன்னார்கள். நிறுவனம் அதை ஏற்கவில்லை, மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொன்னது. இறுதி முடிவு எப்படி வந்தாலும் சரி, இங்கே நம் பையன் படும் வருத்தத்தை அங்கே ஓர் அமெரிக்கக் குடும்பம் பட்டிருந்தால் அதையும் நாம் வருத்தமாகத்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் வழி என்ன? இது முடியாத காரியம் இல்லை. அன்று இந்துஸ்தான் லீவர் என்று அழைக்கப்பட்ட கம்பெனியை எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டுத் தலைமையகம் உள்ள கம்பெனிதான். 1961-ல் பிரகாஷ் டாண்டன் அதன் முதல் இந்தியத் தலைவர் ஆனபோது, அங்கிருந்த 205 மேனேஜர்களில் 191 பேர் இந்தியர்கள். அது தானாக நடக்கவில்லை. இளைஞர்களை எடுத்து, வருஷக்கணக்கில் பழக்கி, பொறுப்பைப் படிப்படியாகக் கொடுத்தார்கள். அதனால் அந்த கம்பெனி ஒன்றும் நொடித்துப் போகவில்லையே?

1977-லேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பன்னாட்டு நிறுவனங்களுக்காக வெளியிட்ட பிரகடனம், வேலையிலும் பயிற்சியிலும் பதவி உயர்விலும் அந்தந்த நாட்டு மக்களுக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது. சட்டக் கட்டாயம் இல்லை, அறிவுரைதான். ஆனால் கம்பெனிக்கே லாபமான அறிவுரை. 2025 ஜூலையில் ஃபாக்ஸ்கான் தன் இந்தியத் தொழிற்சாலைகளிலிருந்து 300-க்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்களையும் டெக்னீஷியன்களையும் திருப்பி அழைத்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. இரண்டு நாட்டு அரசியல் மாறினால், ஒரு விசா விதி மாறினால், மேனேஜர்கள் ஒரே வாரத்தில் காலி செய்துவிட்டுப் போக வேண்டியிருக்கும். அன்றைக்கு லைனை ஓட்டப்போவது யார்? பேருந்தில் வந்து இறங்கும் நம் ஊர்க்காரர்தானே?

வெளிநாட்டிலிருந்து வருகிற ஒவ்வொருவரின் நியமனக் கடிதத்திலும் எதற்காக வருகிறார், எத்தனை வருஷத்துக்கு, போகும்போது அந்தப் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பார் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த உள்ளூர்க்காரரின் பெயர் முதல் நாளே அறிவிக்கப்பட வேண்டும். சோறு, சுகாதாரம், பாதுகாப்பு, மரியாதை ஆகியவற்றில் பதவி வித்தியாசம் இருக்கவே கூடாது. இதைச் செய்யப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

இந்தப் பத்திரிகையைப் படிக்கும் எச்.ஆர் அதிகாரிகள் நிறையப் பேர் உண்டு. உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரும்பாலும் நீங்களும் உள்ளூர்க்காரர்கள்தான். மேலிடத்தில் எதைச் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம் உங்களுக்கும் இருக்கும். ஆனால் அவர்களுக்கு நம் மக்களைப் பற்றி எடுத்துச் சொல்ல உங்களைவிட்டால் ஆள் இல்லை. வருகிற அப்ரைசலில், பத்து வருஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கும் ஒரு பெயரையாவது எடுத்துப் பேசுங்கள்.

வேலையில் இருக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்குத் தெரிந்ததைப் புது மேனேஜருக்குச் சொல்லிக்கொடுங்கள். ஒளிக்க வேண்டாம், அது நம் குணமும் இல்லை. ஆனால் வாயால் மட்டும் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். உங்கள் பெயரும் தேதியும் அதில் இருக்கட்டும், மின்னஞ்சலில் போகட்டும். யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பதற்குப் பதிவு இருந்தால்தான் பதவி உயர்வு கேட்கும்போது பேச வாய் வரும். அவர்கள் மொழியை ஆறு மாதம் உட்கார்ந்து படித்தால் இன்னும் நல்லது.

பெற்றோருக்கும் ஒன்று. “வெளிநாட்டு கம்பெனி, கை நிறையச் சம்பளம், வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்” என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அவர்கள் கேட்பது சலுகை இல்லை, செய்த வேலைக்கான மதிப்பு. வீட்டிலாவது அவர்கள் பக்கம் நில்லுங்கள்.

உங்கள் கம்பெனியில் உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்பேற்று நன்றாக நடத்திக்காட்டிய அனுபவம் இருந்தால் அவசியம் எழுதுங்கள். மனக்குறை இருந்தாலும் எழுதுங்கள். பெயரையும் கம்பெனியையும் வெளியிட மாட்டோம். வரும் கடிதங்களைத் தொகுத்து, அடுத்த இதழ்களில் இதைத் தொடர்ந்து பேசுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்